ஷாஃப்ட் எதிரில்

ஜூலை 9, 2024, செவ்வாய்

தவறு என்னுடையது. மூன்று வாரம் முன்பு செய்தது, இன்றுதான் தெரிந்தது. பிரிசில்லா அக்காவின் படிவத்தில், ‘அடையாளம்’ என்ற கட்டத்தில், ‘ஷாஃப்ட் எதிரில்’ என்று எழுதிவிட்டேன்.

அக்கா பக்கத்து வீடு. நர்ஸ். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. ஆள் எடுக்கும் நிறுவனம், கொடுத்த முகவரி நிஜம்தானா என்று பார்க்க ஒருவரை அனுப்புகிறது. அவர் போன் செய்து வழி கேட்கக் கூடாதாம். அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான் வர வேண்டுமாம். போன வாரம் இரண்டு முறை வந்து, வீடு கிடைக்காமல் திரும்பிவிட்டார். கடைசி முறை இந்த வெள்ளிக்கிழமை. அன்றும் கிடைக்காவிட்டால் ‘அப்படி ஒரு முகவரி இல்லை’ என்று எழுதி மூடிவிடுவார்கள். படிவத்தைத் திருத்த முடியுமா என்று கேட்டாயிற்று. முடியாது.

வீட்டு எண்ணை நம்பிப் பயனில்லை. எங்கள் சந்தில் பழைய எண், புது எண், வரி ரசீது எண் எல்லாம் இருக்கின்றன. பதினான்கு என்று நான்கு கதவுகளில் எழுதியிருக்கிறது. ‘சர்ச் பின்னால்’ என்று போடட்டுமா என்று அன்றே கேட்டேன். “விவேக் நகர்ல பாதி வீடு சர்ச் பின்னாலதான்டி. வேற எதாச்சும் பெருசா, கண்ணுக்குத் தெரியற மாதிரி போடு” என்றாள் அக்கா. நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். ஷாஃப்ட் தெரிந்தது. எழுதினேன்.

இன்று மாலை, வேலை முடிந்து நான் போகும் வரைபட வகுப்பில் அவரவர் தெருவை வரையச் சொன்னார்கள். நானும் வரைந்து, எதிர்மாடியில் நிற்பதன் மேல் ‘ஷாஃப்ட்’ என்று எழுதினேன். பக்கத்து மேஜை சஞ்சய் எட்டிப் பார்த்தான். பகலில் அடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறவன்.

“என்ன மகா, லாரி ஷாஃப்ட்டா? எங்க ஒர்க்‌ஷாப்ல நாலு கெடக்கு, வேணும்னா எடுத்துட்டுப் போ.”

“இல்லப்பா, ஷாஃப்ட். உசரமா, கம்பி கம்பியா, மேல செவப்பு லைட்டு எரியும்ல, அது.”

“அதுக்குப் பேரு டவரு. செல்போன் டவரு.”

வகுப்பே சிரித்தது. எனக்கு இருபத்திரண்டு வயது.

தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு அங்கிருந்து வந்த ஐந்து குடும்பங்கள் எங்கள் சந்தில் இருக்கின்றன. ஆட்களைக் கீழே இறக்கும் குழிக்கு மேல் ஓர் இரும்புக் கோபுரம் நிற்குமாம், அதை அங்கே ஷாஃப்ட் என்பார்களாம். எதிர்மாடியில் டவர் வைத்த அன்று அப்பா அண்ணாந்து பார்த்து, “ஷாஃப்ட் வந்துருச்சு” என்றாராம். ஐந்து வீடும் அதையே பிடித்துக்கொண்டது. அதுதான் அதன் பெயர் என்று நம்பி நான் வளர்ந்தேன். சின்ன வயதில் எதிர்வீட்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கிறது என்றும் நம்பினேன். சாயங்காலம் சந்தில் நடந்து வருகிறவர்கள் எல்லாம் அதிலிருந்து ஏறி வருகிறவர்கள். அவர்கள் ஏன் அவ்வளவு களைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது போதுமான காரணமாக இருந்தது.

அக்காவிடம் இன்றே சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. “நானும் ஷாஃப்ட்னுதானேடி சொல்லுவேன். படிச்சிப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டேன்” என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 10, புதன்

வகுப்புக் குறிப்பில் இருக்கிறது: அடையாளம் என்பது ஓரிடத்தில் நிலையாக இருக்க வேண்டும், தூரத்திலிருந்து தெரிய வேண்டும், ஊர் அதை அறிந்திருக்க வேண்டும். முதல் இரண்டும் டவருக்கு இருக்கின்றன. மூன்றாவதை வெள்ளிக்குள் உண்டாக்க முடியுமா? ஊர் என்றால் எத்தனை பேர் என்று குறிப்பில் இல்லை.

பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் சந்து வரை ஒருவர் யாரிடமெல்லாம் வழி கேட்கக்கூடும் என்று எழுதிப் பார்த்தேன். பூக்காரி, ஆட்டோ ஸ்டாண்டு, பேக்கரி, இளநீர் வண்டி, இஸ்திரி வண்டி, தண்ணீர்க் கேன் கடை, கோழிக்கடை. இன்று வகுப்புக்குப் போகவில்லை. தூறலில் ஒவ்வொன்றாகப் போனேன்.

பூ விற்கும் சந்திரம்மா அக்காவிடம் முதலில் கேட்டேன். “அக்கா, ஷாஃப்ட் எங்கன்னு யாராச்சும் கேட்டாங்களா?”

“நா சாப்ட்டேன். நீ சாப்ட்டியா?”

“சாப்ட்டா இல்லக்கா, ஷாஃப்ட்.”

கட்டிக்கொண்டிருந்த மல்லிகையில் அவள் கை நின்றது. “அய்யோ, அந்த ஆளு! போன வாரம் கண்ணாடி போட்டுக்கினு ஒருத்தர் வந்தாரும்மா. ‘ஷாஃப்ட்டா, ஷாஃப்ட்டா’ன்னார். கன்னடக்காரரு, தமிழ்ல நலம் விசாரிக்கிறாருன்னு நெனச்சேன். ‘ஆச்சுப்பா, இட்லி’ன்னேன். ரெண்டு நாள் கழிச்சி மறுபடி வந்து அதையே கேட்டார். எவ்ளோ பாசம்னு நெனச்சிக்கினேன்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதிரே மழைக்குள் கையை நீட்டி டவரைக் காட்டினேன். அதன் மேல்பாதி மேகத்தில் மறைந்திருந்தது. சிவப்பு விளக்கு மட்டும் எதிலும் ஒட்டாமல் தொங்கியது. சந்திரம்மா அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். “தெனம் பாக்கறேன். அதுக்குன்னு ஒரு பேரு இருக்கும்னு தோணவேயில்ல” என்றாள்.

ஆட்டோ ஸ்டாண்டில் முனிராஜ் அண்ணன் முழுதும் கேட்டுவிட்டு, “ஏம்மா, தங்கம் எடுக்கப் போறீங்களா? எனக்கு ஒரு மோதிரம் அளவுக்கு எடுத்து வை” என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர்களும் திரும்பி மேலே பார்த்தார்கள். பேக்கரியிலும் அப்படியே. யாரிடம் சொன்னாலும் முதலில் கேலி செய்தார்கள், பிறகு அண்ணாந்தார்கள். ஒவ்வொருவர் அண்ணாந்தபோதும் டவர் ஒரு அடி வளர்ந்தது போல எனக்குத் தோன்றியது. தோன்றியதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

காலையில் சந்தேகம் வந்தது. நான் செய்வது ஏமாற்றா? இல்லாத ஒன்றைக் காட்டவில்லை, டவர் இருக்கிறது. ஆனால் பெயர் எங்களுடையது. அதை எல்லோர் வாயிலும் வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? அப்பாவிடம் கேட்டேன். செக்யூரிட்டி வேலைக்குப் போக சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். “பேருதானே, யாரு வேணா வெச்சிக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று, “எல்லாரும் சொல்றாங்களாமே” என்றார். அவர் முகம் சரியாகத் தெரியவில்லை.

பிற்பகல் முழுதும் மூடுபனி போல மழை. மாலையில் பேக்கரி வாசலில் ஒதுங்கி நின்றேன். எனக்குத் தெரியாத இரண்டு பெண்கள் குடை பிடித்துப் போனார்கள். ஒருத்தி போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “ஷாஃப்ட் ஹத்ர இதீனி, பர்த்தீனி.” ஷாஃப்ட் கிட்ட இருக்கேன், வந்துடறேன் என்று. நான் சொல்லாத வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் எனக்குச் சட்டென்று அது வேறு யாரோ வைத்த பெயர் போலிருந்தது. தெரு, மழை, ஈரக் குடைகள் எல்லாம் மெதுவாகக் கீழே இறங்குவது போலவும் இருந்தது. பிடித்துக்கொள்ள வேண்டும் போலத் தோன்றி பேக்கரிக் கண்ணாடியில் கை வைத்தேன். “கண்ணாடிய தொடாதம்மா” என்றார்கள்.

ஜூலை 12, வெள்ளி

வேலைக்கு விடுப்பு போட்டேன். அக்காவும் இரவு டியூட்டிக்கு மாற்றிக்கொண்டாள். தெருமுனையில் போய் நிற்கலாம் என்றேன். “வேணாம்டி, அவரே வரணும்” என்றாள். கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தோம். அக்கா ஒரே துணியை மூன்று முறை மடித்தாள். பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. “வரலைன்னா இங்கயே இருக்கேன். அதுக்கென்ன?” என்றாள். குரல் அப்படிச் சொல்லவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு வந்தது முனிராஜ் அண்ணனின் ஆட்டோ இல்லை, சந்திரம்மா அக்காவும் இல்லை. யாரென்றே தெரியாத ஒரு பாய், தோளில் மெத்தை தைக்கும் பஞ்சு மூட்டையோடு சந்துக்குள் வந்தார். பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர். “யே தேக்கோ ஷாஃப்ட். சாம்னே கா கர்” என்று பாய், இதோ ஷாஃப்ட், எதிரில் இருக்கும் வீடுதான் என்று எங்கள் பக்கம் கை காட்டிவிட்டு, எங்களைப் பார்க்காமலே போய்விட்டார்.

வந்தவர் அக்காவின் அடையாள அட்டையைப் பார்த்தார், கதவைப் படம் எடுத்தார். பிறகு வெளியே போய் அண்ணாந்தார். “இது டவர் அல்வா?” என்றார், டவர்தானே என்று. “போன வாரம் யாருக்கும் தெரியல. இன்னிக்கு நாலு பேர கேட்டா நாலு பேரும் சொல்றாங்க. எவ்ளோ வருஷமா இந்தப் பேரு?”

அக்கா என்னைப் பார்த்தாள். இருபது வருஷம் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை.

“அஞ்சு வீட்டுக்கு இருபது வருஷம் சார். மத்தவங்களுக்கு மூணு நாள்” என்றேன். சொன்னதும் அக்காவின் வேலையை நானே இரண்டாம் முறை கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் வீடு இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன். வீடு இருக்கு” என்றார். போனில் ஏதோ தட்டினார். அக்காவின் போனில் உடனே செய்தி வந்தது: முகவரி சரி. அக்கா அதை உரக்கப் படித்தாள், பிறகு வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அவர் தர்மசங்கடமாக நின்று, “ஊட்டா ஆயித்தா?” என்று கேட்டார். சாப்பிடவில்லை என்றோம்.

செய்தியின் கீழே அடுத்த கட்டம் வந்திருக்கிறது: மருத்துவப் பரிசோதனை.

நாளை சனிக்கிழமை. அக்காவோடு பிரேசர் டவுன் லேபுக்குப் போக வேண்டும். ஏழு மணி பஸ். அவள் வெறும் வயிற்றோடு வர வேண்டும். இரண்டு போட்டோ, பாஸ்போர்ட் நகல் ஒன்று, நான் எடுத்து வைக்க வேண்டும்.