ஜம்பு மரத்தடி

தேவமலர் அனுப்பிய படம் கைப்பேசியில் வந்து விழுந்தபோது கணேசமூர்த்தி தேத்தண்ணியில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். நனைந்த பிஸ்கட் பாதியாக உடைந்து கோப்பைக்குள் போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி நளினிக்கு, காலையிலேயே யாரோ செத்துப்போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று தோன்றியது. இந்த வீட்டில் கைப்பேசி சத்தம் போட்டால் பாதிக்கு மேல் அப்படித்தான்.

'கல்லுமலைக் குடும்பங்கள்' என்கிற வாட்சாப் குழுவுக்குத் தலைவர், செயலாளர், பியூன் எல்லாம் கணேசமூர்த்திதான். செங் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதர்கள் மீன் வளர்ப்பார்கள், கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். இவர் கல்லுமலைத் தோட்டத்து ஆட்களைத் தேடிப் பிடித்துக் குழுவில் சேர்க்கத் தொடங்கினார். டுரியான் துங்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்தில் லயத்து வீடுகள் இடிந்து, பள்ளிக்கூடம் இடம்மாறி, ஆட்கள் நாலா பக்கமும் சிதறி வெகுகாலம் ஆகிவிட்டது. "உயிரோட இருக்கற சொந்தக்காரங்களுக்கு ஒரு போன் போட மாட்டாரு. செத்தவங்களுக்குத்தான் ஆள் தேடுவாரு" என்று நளினி வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

தினமும் காலையில் குழுவில் அவருடைய செய்தி வந்துவிடும். யார் வீட்டில் கல்யாணம், யாருக்குக் கருமாதி, புலாவ் செபாங்கில் குடியேறிய ஆட்கள் எந்த ஞாயிறு கூடுகிறார்கள், பழைய பிறப்புப் பத்திரத்துக்கு எந்த அலுவலகத்தில் எந்தக் கவுன்டரில் நிற்க வேண்டும், அங்கே இருக்கிற அம்மாவிடம் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும், எல்லாம் அதில் இருக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதும் தோட்டத்து ஆட்களின் பேரப்பிள்ளைகளுக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். கல்லுமலை என்று எந்த வரைபடத்திலும் தேடாதே. அது நம் ஆட்கள் வைத்த பெயர். வெள்ளைக்காரன் வைத்த பெயர் வேறு, இப்போது பலகையில் இருப்பது வேறு. உன் தாத்தா பெயர் முனியாண்டி என்று மட்டும் சொன்னால் போதாது, எத்தனையாவது லயம், கள்ளுத் தவறணைக்குப் பக்கத்து வீடா, கோயிலுக்குப் பக்கத்து வீடா, அதைக் கேட்டு வா. அப்படிக் கேட்டு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் தாத்தா கிடைத்துவிடுவார்.

கொஞ்ச நாளாகக் குழுவில் ஒரே பேச்சுதான். தோட்டத்து நிலத்தை வீடு கட்டுகிறவர்கள் வாங்கியிருந்தார்கள். இடுகாட்டையும் எடுக்கப்போகிறார்கள். சொந்தக்காரர்கள் வந்து அடையாளம் காட்டுகிற குழிகளை மட்டும் தனித்தனியாகத் தோண்டி, இந்துக்கள் மயானத்தில் பெயர் பொறித்துப் புதைப்பார்களாம். ஆள் வராத குழிகளில் இருப்பதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே இடத்தில், ஒரே கல்லின் கீழே போகும். ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். கணேசமூர்த்தி இதைத் தினமும் போட்டார். மாதிரிக்குத் தன் அப்பாவின் குழியைப் படமெடுத்துப் போட்டிருந்தார். ஜம்பு மரத்தடியில், ஆமை முதுகு போன்ற பாறையை ஒட்டி, சுற்றிலும் சிமென்ட் கட்டி, தலைமாட்டில் 'அங்கமுத்து' என்று பெயர் எழுதிய ஓடு பதித்த குழி. ஒவ்வொரு வருஷமும் திதிக்குப் போய்ப் புல் செதுக்கிப் படையல் வைத்துவிட்டு வருவார். இருக்கிற குழிகளிலேயே அதுதான் சுத்தம் என்று குழுவில் எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள். அவருக்கும் உள்ளுக்குள் பெருமைதான், அதை மறைக்கவும் இல்லை.

தேவமலர் ஜொகூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நாலு வயதில் தாயை இழந்தவள். தகப்பன் மறுகல்யாணம் செய்துகொண்டு ஜொகூர் பக்கம் போய்விட்டதால் கல்லுமலைக்கு அவள் திரும்பி வந்ததே இல்லை. சின்னம்மா காலமான பிறகு இரும்புப் பெட்டியைத் துடைத்தபோது இந்தப் படம் கிடைத்ததாம். 'அண்ணே, எங்கம்மாவ பொதைக்கிறப்ப எடுத்தது. ஒங்களுக்கு மட்டும்தான் அனுப்பியிருக்கேன். குரூப்ல போட்டு யாருக்காவது எடம் தெரியுமான்னு கேப்பீங்களா?' என்று எழுதியிருந்தாள்.

அந்தக் காலத்தில் சாவு வீட்டுக்கு டம்பின் டவுனிலிருந்து போட்டோக்காரரை வரவழைப்பது வழக்கம். பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்று எடுத்துக்கொள்வார்கள், கடல் தாண்டி ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்ப. இது குழி மூடிய பிறகு எடுத்தது. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நாலைந்து ஆண்கள். முன்னால் புது மண் மேடு. பக்கத்தில் ஜம்பு மரம். மேட்டை ஒட்டி ஆமை முதுகு போன்ற பாறை. அந்த மரத்துக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு ஆள்தான் படுக்க முடியும் என்பது, வருஷம் தவறாமல் அங்கே குந்திப் புல் செதுக்கிய கணேசமூர்த்திக்குத் தெரியாதா? படத்தின் ஓரத்தில் போட்டோக்காரர் வெள்ளை மையில் வருஷம் எழுதியிருந்தார். அப்பா இறப்பதற்கு மூன்று வருஷம் முன்பு. படத்தின் பின்னணியில், சரிவுக்குக் கீழே, இன்னொரு ஜம்பு மரம் நின்றது.

இன்னொரு மரம் இருந்ததா? புலாவ் செபாங்கில் இருக்கும் மீனம்மா அக்காவிடம் ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டு அனுப்பினார். அக்காவுக்கு எழுத வராது, பேசித்தான் அனுப்புவாள். "ரெண்டு மரம்லா தம்பி! மேல செகப்பு ஜம்பு, கீழ வெள்ள ஜம்பு. இடுகாட்டு ஜம்பு திங்கக் கூடாதுன்னு அடிப்பாங்க. நாங்க திங்காமயா இருந்தோம்? வெள்ளதான் இனிக்கும். எண்ணெய்க்குச் செம்பன மரம் போட்டப்ப கீழ்ப் பக்கத்த வழிச்சுட்டானுங்க, மரமும் போச்சு, குழிங்களும் போச்சு. அந்த இனிப்பு இப்ப பசார்ல விக்கிறதுல எங்க இருக்கு?" என்று சொல்லிவிட்டு, பின்னால் சேவல் கூவக் கூவ நெடுநேரம் ஜம்புவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

கணேசமூர்த்திக்குப் பதினோரு வயதில் அப்பா போனார். தோளில் கொள்ளிக்குடம் சுமந்து, மூன்று சுற்று சுற்றி, மூன்று பிடி மண் போட்டான் பையன். "திரும்பிப் பாக்காம நடய்யா" என்று மாமா முதுகில் கைவைத்துத் தள்ளினார். காரியம் செய்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் பார்க்கவில்லை. அழுத கண்ணில் பாறையும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. மறுநாள் பால் ஊற்றப் போக வேண்டியவன் காய்ச்சலில் கிடந்தான், மாமாதான் போய்விட்டு வந்தார். அடுத்த மாதமே அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செங்குக்கு வந்துவிட்டாள். வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கிய பிறகு அப்பாவின் குழி எங்கே என்று அம்மாவிடம் கேட்டபோது, "ஜம்பு மரத்தடியிலன்னு சொன்னாங்க" என்றாள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை, அவள் பார்த்ததும் இல்லை. மாமா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். தேடிப் போனவனுக்கு அங்கே ஒரே ஒரு ஜம்பு மரம்தான் இருந்தது. அதனடியில் பெயர் இல்லாத ஒரு மேடும் இருந்தது. அதற்கு மேல் யார் சந்தேகப்படுவார்கள்?

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. அதுவும் படத்தில் இல்லாத, மண்ணுக்குள் இருந்த அந்தப் பெண்மீது. யாரோ வந்து அப்பா வீட்டில் குடியேறிவிட்ட மாதிரி. பிறகு அந்தக் கோபத்தை நினைத்து அவருக்கே கூசியது. படத்தைக் குழுவில் போடாமல் விட்டால் ஒன்றும் ஆகாது. நிற்கிற ஆண்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா பெயரில் குச்சி நட்டு, அப்பா பெயரில் கல் வைத்து, சாகும்வரை அங்கேயே கும்பிட்டுக்கொள்ளலாம். படம் பத்திரமாகக் கைப்பேசிக்குள் கிடக்கும். இரண்டு நாள் அவர் குழுவில் ஒரு செய்தியும் போடவில்லை. உடம்புக்கு என்ன என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள்.

நளினி படத்தை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். கதை முழுவதையும் கேட்டு முடித்தாள்.

"நீ என்ன சொல்ற?" என்றார்.

"என்னைய ஏன் கேக்குறீங்க? கேட்டா என்ன சொல்லுவேன்னு ஒங்களுக்குத் தெரியும்." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே அவளே சொன்னாள். "ஒங்கப்பாவப் பத்தி ஒங்ககிட்ட ஆயிரம் கத இருக்கு. ஒங்கள சைக்கிள்ள வச்சிக்கிட்டு டவுனுக்குப் படம் பாக்கப் போன கத, கங்காணியத் தூக்கிச் சாக்கடையில போட்ட கத. அந்தப் பொம்பளைக்கு அம்மா மொகம்கூட ஞாபகம் இருக்காதுலா."

அவர் குளிக்கும் அறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். இத்தனை வயதுக்குப் பிறகு அப்பாவுக்காக இப்படி அழுவோம் என்று அவர் நினைத்ததில்லை. வெளியே வந்து தேவமலருக்குப் போன் போட்டார்.

"அம்மா இருக்கற எடம் தெரியும்மா. ஞாயித்துக்கெழம காலையில வந்துரு."

"நெஜமாவாண்ணே? யாரு சொன்னாங்க?"

"எனக்கு நல்லாத் தெரிஞ்ச எடம்தான். நீ வா."

அவள் வருவதற்கு முன்பே அப்பா பெயரை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஞாயிறு விடிந்ததும் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனார். அவர் கையாலேயே பதித்த ஓடு. ஸ்டோரில் கணக்குப் பார்த்துப் பழகியவர் அளந்து பூசிய சிமென்ட், லேசில் விடுமா? ஒரு வழியாக அது முழுசாகப் பெயர்ந்து கையோடு வந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தேவமலர் வெள்ளைச் சேலையில், ஒரு கையில் பால் போத்தலும் மறு கையில் மல்லிகைச் சரமுமாக நின்றாள். படத்தில் பார்த்த பாறையை அவள் கண்டுகொண்டுவிட்டாள். மரத்தைப் பார்த்தாள். சுற்றுச் சிமென்ட்டைப் பார்த்தாள். தலைமாட்டில் ஓடு இருந்த இடத்தில் வெளுப்பாகக் கிடந்த சதுரத்தையும், அவர் கையிலிருந்த ஓட்டில் எழுதியிருந்த பெயரையும் கடைசியாகப் பார்த்தாள். குழுவில் அவர் போட்ட மாதிரிப் படத்தில் அந்த ஓடும் சிமென்ட்டும் மட்டும்தான் இருந்தன, அது அவளுக்கும் வந்திருந்ததுதானே.

"அண்ணே... இது ஒங்கப்பா குழியில்ல?"

"நானும் அப்படித்தாம்மா நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அவள் மண்ணில் உட்கார்ந்தாள். சிமென்ட் விளிம்பை உள்ளங்கையால் தடவினாள். செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டது பிறகுதான் தெரிந்து, கழற்றித் தள்ளி வைத்தாள். அவருடைய துணிப்பைக்குள் சுருட்டும், கறுப்பு பீர் போத்தலும் இருந்தன. பழக்க தோஷம், காலையில் கை தானாக எடுத்து வைத்துவிட்டது. அவள் பார்ப்பதற்குள் மூட நினைத்தார், முடியவில்லை.

"இது எதுக்குண்ணே?"

"அப்பாவுக்குப் புடிக்கும். வருஷா வருஷம் ஒரு போத்தல் ஊத்துவேன்."

"எங்கம்மா மேலயா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சுருட்டும் பத்த வச்சேம்மா."

தேவமலர் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எங்கம்மா இருவத்தாறு வயசுல செத்தாங்கண்ணே. சுருட்டும் பீரும்!" சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவருக்குத் தெரியவில்லை. அவரும் சிரித்தார், அவருக்கும் அப்படியேதான் ஆனது. தூரத்தில் தங்கள் குழிகளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இத்தன வருஷமா அவங்க தனியா கெடக்குறாங்கன்னுதான் நெனச்சேன்" என்றாள் அவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பொங்கல் தீபாவளி வந்தா அதான் ஞாபகம் வரும். ஆளு வந்து போயிருக்கு. போதும்ணே."

வீடு கட்டுகிறவர்களின் ஆள் வந்து குச்சி நட்டு, பெயர் கேட்டார். 'ராசம்மா' என்று தேவமலர் சத்தமாகச் சொன்னாள். இன்னொரு தடவையும் சொன்னாள். பூ வைத்துப் பாதிப் பாலை ஊற்றிக் கும்பிட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா எங்கண்ணே?"

அவர் சரிவுக்குக் கீழே கையை நீட்டினார். செம்பனை வரிசை வரிசையாகப் போயிற்று. வெட்டிப் போட்ட மட்டைகள் நடுவில் குவிந்து கிடந்தன. வெயில் உள்ளே இறங்காமல் பச்சை இருட்டாக இருந்தது. "அங்க எங்கயோ. எந்த மரத்தடின்னு யாருக்குத் தெரியும்?"

"இன்னும் ஊத்தலியே" என்றாள் அவள், போத்தலைக் காட்டி.

அவர் மூடியைத் திறந்தபடி இறங்கினார். முதல் மரத்தடியில் கொஞ்சம் ஊற்றினார். இதுவாகவும் இருக்கலாம். அடுத்ததில் கொஞ்சம். நுரை, காய்ந்த மட்டையின் மேல் நின்று, மெல்ல மண்ணுக்குள் போயிற்று. எல்லாவற்றுக்கும் வர வேண்டுமே என்று அளவைக் குறைத்துக் குறைத்து ஊற்றினார். அப்படியும் வரிசை பாதி தாண்டுவதற்குள் போத்தல் தீர்ந்துவிட்டது. அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

பக்கத்து வரிசையில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிச்சப் பாலோடு, தேவமலர் ஒவ்வொரு மரமாக வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து ஒரு சொட்டு விட்டாள்.

"அங்கமுத்து மாமா, பால் குடிங்க" என்று அந்த மரத்திடம் சொன்னாள். அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள். "அங்கமுத்து மாமா, பால் குடிங்க."