சேவாவின் இறக்கையும் ரிம்மாவின் நிழலும்

1985ஆம் ஆண்டு, சோவியத் நாட்டின் ஒப்னின்ஸ்க் நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் ரிம்மாவுக்கு வேலை, அணு மின்சாரத்தில் ஓடப்போகும் விண்கலத்துக்குக் கதிர்வீச்சுக் கவசம் கணக்கிடுவது. கலத்தின் ஒரு முனையில் அணு உலை, மறுமுனையில் நுட்பமான கருவிகள். உலையை ஒட்டி, லித்தியம் ஹைட்ரைடு அடைத்த எஃகுக் கவசம். அதன் நிழலுக்குள் இருப்பது பிழைக்கும். வெளியே நீட்டினால் அடிதான்.

நீட்டிக்கொண்டிருந்தவை வெப்பத்தை வெளியேற்றும் இறக்கைகள். அவற்றை வரைந்தவன் சேவா, அவளுடைய முன்னாள் கணவன்.

“ரிம்மா யெகோரவ்னா, உங்க கவசம் தின்னு கொழுத்துப் போச்சு. அம்பது கிலோ குறைச்சிடுங்க,” என்றார் கூட்டத்தில் இயக்குநர் தீஹன் லூக்கிச்.

“கொழுக்க வச்சது இவனோட இறக்கை. அதுல பட்ட கதிர் சிதறி வந்து கருவியைச் சுடுது. அதையும் மறைக்கத்தான் அகலமாக்கினேன்.”

“குடித்தனத்துலயும் இப்படித்தான், எல்லாத்துக்கும் நான்தான் காரணம்,” என்றான் சேவா.

“அங்கயும் என் கணக்கு தப்பல.”

இயக்குநர் நம்பவில்லை. “இறக்கையில பட்டது இங்க எப்படி வரும்? கதிருக்கு வீட்டு விலாசமா தெரியும்?”

ரிம்மா விறுவிறுவென்று உணவகத்துக்குப் போய் சூப் அண்டாவின் மூடியைத் தூக்கி வந்தாள். சமையல்காரியின் வசவும் கூடவே வந்தது. திரையை இழுத்துவிட்டு, மேசை விளக்கைப் போட்டு, மூடியைக் குறுக்கே பிடித்தாள். இயக்குநர் நிழலில் மறைந்தார்.

“கையில இருக்குற பேப்பரைப் படிங்க.”

“எழுத்தே தெரியலையே.”

“சேவா, கையை விரி.”

நிழலுக்கு வெளியே நீண்ட அவனுடைய வெள்ளை அங்கியின் கையில் வெளிச்சம் பட்டு, பேப்பர் மேல் திரும்பியது.

“பீட்ரூட் அறுவடை அமோகம்… அட, படிக்க முடியுதே!” இயக்குநர் துள்ளி எழுந்தார். “கையை மடக்குய்யா!”

மூன்று நாள் சேவா முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். நான்காம் நாள் புது வரைபடம் வந்தது. இறக்கைகள் உலைப் பக்கம் குறுகி, பின்னால் நீண்டு விரிந்து, முழுக்க நிழலுக்குள் அடங்கியிருந்தன. பரப்பும் குறையவில்லை. ரிம்மா மூன்று முறை குற்றம் தேடினாள். அகப்படாதது எரிச்சலாக இருந்தது.

கவசம் இளைத்தது. அறிக்கையில் ‘இயக்குநரின் யோசனைப்படி, வரைந்தவர் சேவா’ என்றிருந்தது; ரிம்மாவின் பெயர் எங்குமில்லை. ரிம்மா சிரித்துவிட்டாள். சேவா சிரிக்கவில்லை, நேரே இயக்குநர் அறைக்குள் நுழைந்தான். அவன் கத்தியது தாழ்வாரம் வரை கேட்டது. பதினோரு வருடக் குடித்தனத்தில் அவளுக்காக ஒருமுறைகூடக் குரல் உயர்த்தாதவன்.

சிவந்த முகத்தோடு வெளியே வந்தான்.

“என்ன சொன்னாரு?”

“உன் பேரைச் சேத்துட்டாரு.”

“அப்புறம்?”

“என் பேரை எடுத்துட்டாரு.”

ரிம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வா, டீ வாங்கித் தரேன்,” என்றாள்.