ரெண்டு கட்டை

இனி யார் பாடுவது என்று நவநீதகிருஷ்ணன் தன் வாயால் சொல்லியிருந்தால் லிடியா அவரோடு ஒரு சண்டையாவது போட்டிருப்பாள். மனிதர் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

"நாஞ் சொன்னா ஆளப் பாத்துப் பேசறேன்னுவீங்க. மிஷினு சொல்லட்டுங்க. அதுக்குச் சொந்தமுமில்ல, பந்தமுமில்ல" என்று கைகழுவிவிட்டார்.

அவருடைய மெல்லிசைக் குழுவின் பயிற்சிக் கூடம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. திருவிழா, கல்யாண வரவேற்பு, கடைத் திறப்பு என்று சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே அவர்கள் ஏறாத மேடை குறைவு. எந்த மேடையானாலும் பெண்குரல் லிடியாவுடையது. கீபோர்டு அவள் கணவன் மார்ட்டினுடையது. கல்யாணமானதே இந்தக் குழுவில் சேர்ந்து பழகித்தான். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் கீழே நன்றாகக் கனத்தது, மேலே போனால் மட்டும் சொல்லிவைத்தாற்போல் பிளந்தது. மோகனூர்த் திருவிழாவில் அப்படிப் பிளந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு விசில் வந்தது. பாராட்டு விசில் எது, கேலி விசில் எது என்று மேடைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்கப்புறம்தான் புதுச்சத்திரத்திலிருந்து தேவிப்ரியா வந்தாள். கல்லூரி முடித்த கையோடு வந்த பெண், பளிச்சென்ற குரல். இரண்டு பெண்குரல்களுக்குக் குழுவில் இடமில்லை. கல்யாண வீடுகளில் மாமனும் மச்சானும் பாடி மார்க் வாங்கிக் கொள்ளட்டும் என்று நவநீதகிருஷ்ணன் வாங்கிப் போட்டிருந்த கரோக்கி மிஷின் இப்போது நீதிபதி ஆனது. ஆளுக்கு ஒரு பாட்டு, அவரவர் தேர்வு. ஒரே தடவைதான் பாடலாம், நடுவில் நின்றால் போச்சு. மார்க் அதிகம் வாங்குபவள் வரப்போகும் திருவிழாக் காலம் முழுக்கப் பாடுவாள். மற்றவள் வீட்டில் இருப்பாள்.

சமையலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் போதும் என்று வாழ லிடியாவால் முடியாது. மைக்கைப் பிடிக்காத லிடியா யார் என்று அவளுக்கே தெரியாது.

பாட்டு நிரப்புவதற்காக மார்ட்டின் அந்த மிஷினைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருந்தான். அவன் வெளியே போன நேரமெல்லாம் லிடியா கதவைச் சாத்திக்கொண்டு அதன் குணத்தைப் படித்தாள். பெரிய ரசிகன் ஒன்றுமில்லை அது. உருகிக் குழைந்து பாடினால் சுருதி தப்பியதாக நினைத்து மார்க்கை வெட்டும். எழுத்தெழுத்தாக, நேராக, தாளத்தில் கால் வைத்துப் பாடினால் அள்ளிக் கொடுக்கும். ஜோடிப் பாட்டை எடுத்தால் ஆண் பாடவேண்டிய வரியில் நாம் சும்மா நிற்பதற்கும் தண்டனை உண்டு. பெண்களுக்கென்று அமைந்த பாட்டுகளில் பாதி, பாடுகிறவளை உச்சாணியில் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்க்கிற ஜாதி. ஆக, பெண் மார்க் வாங்க வேண்டுமானால் மெதுவான பாட்டு வேண்டும், குழைவும் சங்கதியும் குறைவாக வேண்டும், ஏறுகிற இடம் ஒன்றோடு முடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சுருதி தன் தொண்டைக்கு இறங்கிவர வேண்டும்.

தேடித்தேடி அப்படி ஒரு தாலாட்டைப் பிடித்தாள். ஆறு கட்டைச் சுருதியில் இருந்தது. இரண்டு கட்டை இறக்கி நாலில் பாடினால் அவள் குரலுக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை. மிஷினுக்குக் கட்டைக் கணக்கு தெரியாது. அதன் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் அரைக் கட்டைதான் இறங்கும், இரண்டு கட்டைக்கு நாலு தடவை அமுக்க வேண்டும். கல்யாண வீட்டில் விவரம் தெரியாத யாராவது மிஷின் பக்கம் நின்றால், இரண்டு கட்டை என்றதும் இரண்டு தடவை அமுக்கிக் காரியத்தைக் கெடுப்பார்கள். நல்லவேளை, போட்டியன்று மிஷினைப் பார்த்துக்கொள்வது மார்ட்டின். ஆர்மோனியத்தில் விரல் பழகிய ஆள். அந்த ஒரு கவலை அவளுக்கு இல்லை.

போட்டிக்கு முந்தின வாரம் கூடத்தில் தேவிப்ரியா வந்து கேட்டாள்: "அக்கா, எந்தப் பாட்டு எடுத்தா மார்க்கு விழும்ங்க்கா?"

லிடியாவுக்கு எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "உனக்குப் புடிச்சதப் பாடு சாமி" என்றாள். அந்தப் பெண் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. தேவிப்ரியா தனக்குப் பிடித்ததைத்தான் பாடினாள். உச்சியில் நின்று சுழன்று இறங்கும் பாட்டு. நவநீதகிருஷ்ணன் அந்தக் காலத்துத் தபேலாக்காரர், கண்ணை மூடித் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். லிடியாவுக்கே ஓரிடத்தில் மயிர்க்கூச்செறிந்தது. மிஷின் எண்பத்தாறு கொடுத்தது. இன்னும் அதிகம் வந்திருக்க வேண்டிய பாட்டு அது, குழைவுகளில் வெட்டு விழுந்திருந்தது. பெண்ணின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க முடியாமல் லிடியா மைக்கை எடுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, ரெண்டு கட்ட எறக்கிருங்க" என்றாள் மார்ட்டினிடம்.

அவன் தலையசைத்துப் பட்டனை அமுக்கினான். முன்னிசை கிளம்பியது. புல்லாங்குழலின் முதல் இழுப்பிலேயே லிடியாவுக்குக் காது சுட்டது. நாலு கட்டை இல்லை. ஐந்து.

இரண்டு தடவைதான் அமுக்கியிருக்கிறான்.

மார்ட்டினைப் பார்த்தாள். எந்த மேடையிலும் அவள் வாய் திறக்கும் முன் அவளைப் பார்த்து ஒருதரம் தலையசைப்பது அவன் பழக்கம். இன்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறதியா? மாதா கோயில் பாடகர் குழுவில் ஒருத்தர் கால் கட்டை இறங்கினாலும் திரும்பிப் பார்க்கிற காது அது. தெரியாமல் செய்ய அவனால் முடியாது. தெரிந்தேதான் செய்திருக்கிறான். நிறுத்தச் சொன்னால் தோல்வி. பாடினால் ஏறுமிடத்தில் குரல் பிளக்கும், அதுவும் தோல்வி.

முன்னிசை முடிந்தது. லிடியா பாடினாள்.

பல்லவி சமாளித்துப் போயிற்று. சுருதி சரி என்று காட்டும் பச்சைக் கோடு திரையில் அவள் கூடவே வந்தது. முதல் சரணத்தில் கழுத்து நரம்பு இழுத்தது. அடுத்த சரணத்தின் நடுவில்தான் அந்த ஏற்றம், நாலே வரி. இடையிசை ஓடியது. தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன, இரண்டையும் தொண்டைக்குக் கீழேயே நிறுத்தினாள். அழுத தொண்டையில் ஸ்வரம் நிற்காது.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. மிஷின் வீட்டுக்கு வந்த அன்றைக்கு மார்ட்டின் விளையாட்டாக ஒரு பெண் பாட்டைத் தன் கட்டைக்குரலில் பாடினான். மிஷின் எழுபது சொச்சம் கொடுத்தது. ஆம்பளை பொம்பளை தெரியாத கழுதை என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் பாடியது ஒரு ஸ்தாயி கீழே. ஸ்வரம் சரியாக இருந்ததால் அது மார்க் போட்டுவிட்டது. தனக்கும் போடுமா? பாட்டின் நடுவில் தாவினால்? சோதித்துப் பார்த்ததில்லை.

ஏறுமிடம் வந்தது. லிடியா ஏறவில்லை. அதே ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி கீழே போய்ப் பிடித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு கனத்திருந்த அந்த அடிக்குரல் கூடத்தின் தரைவரை இறங்கி நின்றது. நவநீதகிருஷ்ணன் கண்ணைத் திறந்தார். மார்ட்டின் முதன்முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தான். கோடு ஒருகணம் சிவந்து, தடுமாறி, மறுபடி பச்சையானது. நாலு வரியையும் அப்படியே பாடி, பல்லவிக்குத் திரும்பினாள்.

எண்பத்தொன்பது.

"அடேங்கப்பா! தாலாட்டுல இப்பிடி ஒரு எடமிருக்குதா!" என்று நவநீதகிருஷ்ணன் எழுந்தே நின்றுவிட்டார். தேவிப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள், மனசாரத்தான் தட்டினாள்.

மார்ட்டின் ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் மூலைக்குப் போனான். லிடியா பின்னாலேயே போனாள்.

"ரெண்டு தடவதான் அமுக்குனீங்க."

அவன் மறுக்கவில்லை. "அந்த விசிலு... கீபோர்டுல உக்காந்துட்டு என்னால அதக் கேக்க முடியல லிடியா. போதும்னு உங்கிட்டச் சொல்லவும் தைரியமில்ல. மிஷினு சொல்லிருச்சுன்னா நீயே ஊட்ல இருந்துக்குவேன்னு பாத்தேன்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்லீங்க?"

அவன் முகம் சிறுத்தது. சிறுத்த முகத்தில் சட்டென்று ஒரு கோபம் வந்தது. "நீ மட்டும்? அந்தப் புள்ள உங்கிட்ட வந்து கேட்டப்ப எந்தப் பாட்டுன்னு சொன்னயா? நானும் அங்கதான நின்னேன்."

அது குறி தப்பாமல் பட்டது. லிடியா திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் அந்தப் பக்கம் தேவிப்ரியா தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லலீங்க. தப்புதான்" என்றாள். "ஆனா அந்தப் புள்ள எனக்குத் தாலி கட்டலீங்க."

மார்ட்டின் கையிலிருந்த ஒயர் அவிழ்ந்து தரையில் விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"ஏனுங்க லிடியா, அடுத்த வாரம் மோகனூருங்க. மறுபடி அதே மேடை. வாரீங்கதான?" என்று நவநீதகிருஷ்ணன் அங்கிருந்தே கேட்டார்.

லிடியா அவர் பக்கம் திரும்பினாள்.

"வாரேனுங்க. கீபோர்டுக்கு மட்டும் வேற ஆளப் பாருங்க."