ஓடாத ஃபேன்களுக்கு ஓர் அறை

"அம்மா, ஓடாத ஃபேனெல்லாம் நம்ம வீட்டுல சும்மா இருக்கு. ஓடற உன் மெஷின் மட்டும் ஏன் வாடகை குடுத்துட்டு வெளிய இருக்கு?"

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒரு நாள் பென்சில் சீவிக்கொண்டே தையல்காரியிடம் இப்படிக் கேட்டாள். வீட்டில் இருந்தவை இரண்டே அறைகள். ஒன்றில் மூன்று பேரும் உண்டு உறங்கி எழுந்தார்கள். மற்றொன்றில் கணவர் குடியேற்றிய சாமான்கள் சுகமாக வாழ்ந்தன. வயரிங் வேலைக்குப் போகிற வீடுகளில் கழித்துப் போட்டதையெல்லாம் காசு கொடுத்தாவது வாங்கி வந்துவிடுவார். இறக்கை போன ஃபேன், உடைந்த சுவிட்ச் பெட்டி, எரிந்த மோட்டார். "ஒரு நாள் உதவும்" என்பார். அந்த ஒரு நாள் எட்டு வருஷமாக வழியிலேயே இருந்தது. அதனால்தான் அவளுடைய மெஷின் கடைத்தெருவில் யாரோ ஒருவரின் கடை மூலையில் வாடகைக்குக் கிடந்தது.

இந்த மாதம் கடைக்காரர் அந்த மூலைக்கும் வாடகையை ஏற்றிவிட்டார். இனி தைப்பதில் பாதி அவருக்கே போகும். பள்ளிக்கூடத்திலோ இரண்டாம் தவணையைக் கட்டச் சொல்லிச் சீட்டு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, கடவுளை ஒரு நிமிஷம் நினைத்துவிட்டு, பூட்டிய அறையை அவள் திறந்தாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தெருவிலிருந்து நாத்தனார் வந்து சேர்ந்தார்.

"என் தம்பி குருவி மாதிரி சேத்து வச்சத காக்கா மாதிரி கலைக்கறியே."

"குருவி கூடு கட்டினா குஞ்சு தங்க எடம் விடும் அண்ணி. இங்க எடம் எங்க இருக்கு?"

"நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரையும் வரச் சொல்லுங்க. ஃபேனெல்லாம் கனமா இருக்கு, தூக்க ஆள் வேணும்."

நாத்தனாருக்குச் சிரிப்பு முட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கணவர் வாசலில் நின்று ஒவ்வொன்றுக்கும் வக்காலத்து வாங்கினார். அவள் வாதாடவில்லை. அடியிலிருந்து அகப்பட்ட ஸ்க்ரூடிரைவர்களை மட்டும் அவர் காலடியில் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தாள். ஒன்றைத் தேடிக் கிடைக்காமல் இன்னொன்று, அதையும் தேடிக் கிடைக்காமல் மற்றொன்று என்று அவர் வாங்கியவை. பதினோராவது ஸ்க்ரூடிரைவர் வந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு, மறுபக்கம் பிடித்துத் தூக்க வந்தார்.

மத்தியானம், கடைசிப் பெட்டியின் அடியில், பழைய கால்சட்டை ஒன்றில் சுற்றியிருந்த துளைபோடும் மெஷின் கிடைத்தது. கைப்பிடியில், தெருக்கோடிப் பட்டறைத் தச்சர் தம் கருவிகளுக்கெல்லாம் வைக்கிற சிவப்புப் பெயின்ட் பொட்டு.

இரண்டு வருஷத்துக்கு முன் தச்சர், இரவல் கொடுத்த இதைத் திருப்பிக் கேட்டு வந்தபோது, "போன மாசமே பட்டறையில வச்சிட்டேனே" என்று கணவர் சாதித்தார். அவர் நம்பித்தான் சொன்னார். ஆனால் அவளோ, புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாதென்று, பார்க்காததைப் பார்த்ததாக, "ஆமாண்ணே, நான்கூடப் பாத்தேன்" என்றாள். தச்சர் அவளை ஒரு கணம் பார்த்தார். "நீ சொன்னா சரிதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுவாரம் புதிதாக ஒன்று வாங்கினார்.

"எடைக்குப் போட்டுடு," என்றார் கணவர், குரலைத் தாழ்த்தி. "இப்பப் போய்க் குடுத்தா மூஞ்சிய எங்க வச்சுக்கறது?"

"எங்க இருந்துச்சோ அங்கயேதான் இருக்கும். இத்தன நாளா அந்த மூஞ்சியப் பொய்யோட தூக்கிட்டுத்தான அலைஞ்சேன்."

பழைய இரும்புக்காரர் நிறுத்துக் கொடுத்த பணம் பள்ளித் தவணைக்குப் போதுமானதாகவும் கொஞ்சம் மிச்சமாகவும் இருந்தது. அந்த மிச்சத்தை அவள் தனியே எடுத்து வைத்தாள்.

மறுநாள் தச்சர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, துளை மெஷினை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. அவர் பூட்டுகிற பழக்கம் இல்லாதவர். சுவரில் நீளப் பலகை. ஒவ்வொரு கருவியையும் அதில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, அந்தக் கோட்டுக்குள்ளேயே மாட்டுவது அவர் வழக்கம். உளிக்கு உளியின் உருவம், ரம்பத்துக்கு ரம்பத்தின் உருவம். புதிதாக வாங்கிய துளை மெஷின் மேஜைமேல் கிடந்தது. பலகையில் பழையதன் கோடு மட்டும் அழியாமல் காலியாகவே இருந்தது.

மிச்சப் பணத்தை மடித்து, மகளின் பள்ளிச் சீருடையில் மீந்த நீலத் துணித் துண்டால் பழைய மெஷினின் கைப்பிடியில் கட்டினாள். அந்தத் துணி யார் வீட்டுத் துணி என்று தச்சருக்குத் தெரியும். தெரியட்டும்.

ஆணியில் மாட்டினாள். கோட்டுக்குள் அது சரியாகப் பொருந்தி நின்றது. வெளியே, கடை மூலையிலிருந்து அவளுடைய தையல் மெஷினை ஏற்றிய தள்ளுவண்டி காத்திருந்தது. கதவை முன்போலவே சாத்தினாள். உள்ளே நீல முடிச்சு காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.