எட்டுக்கு மேல் திருப்பிய நாள்

திசையன்விளையில் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழு வைத்திருந்த மந்திரமூர்த்தி அண்ணாச்சியிடம் கிதாருக்கான பழைய வால்வ் ஆம்ப்ளிஃபயர் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டு, லீவு போட்டுப் போய் வாங்கி வந்தேன். அண்ணாச்சி பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். சுவிட்சைப் போட்டதும் வால்வுகள் மெல்லச் சிவந்தன. தூசி கருகும் வாசனை வந்தது. ஒரு நிமிஷம் கழித்துத்தான் கிதாரின் சத்தம் கேட்டது.

"வால்யூம எட்டுக்குத் திருப்புனாத்தான் வே இது வாயத் தொறக்கும்," என்றார். "கோயில் கொடைக் கச்சேரி மேடைக்கு உள்ள பொட்டி. வீட்டுக்கு ஆகாது, பாத்துக்கிடும்."

அவர் பேச்சை நான் கேட்கவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கும் அருமைநாயகம் சார் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் வாசித்ததுமே வாசலுக்கு வந்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை.

"வாசிங்க தம்பி. தாங்க முடியலன்னா செவுத்துல ரெண்டு தட்டு தட்டுதேன். கொஞ்சம் கொறச்சுக்கிடுங்க."

அவர் தட்டுவார், நான் குறைப்பேன். மூன்றில் வைத்தால் அந்தப் பெட்டி சளி பிடித்தவன் போல முனகும். இதற்கா அவ்வளவு தூரம் போய்த் தூக்கி வந்தோம் என்று எரிச்சலாக இருக்கும். சாரை சர்ச்சில் பார்த்தால் சிரிப்பேன், உள்ளுக்குள் கறுவிக்கொண்டு. நாற்பது வயதில் நாய்க்குணம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தச் சனிக்கிழமை என் மனைவி பிள்ளைகளோடு ராதாபுரத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். காலை பதினோரு மணி. எட்டில் வைத்து வாசித்தேன். கம்பியை இழுத்துப் பிடித்ததும் சுரம் கிழிந்து, பிறகு பாடத் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இருபது வருஷமாக நான் தேடிய சத்தம் அதுதான். அப்போது சார் சுவரில் தட்டினார்.

இரண்டு தட்டு இல்லை. விட்டு விட்டு, ஆறேழு தட்டு. வழக்கமாகத் தோள் உயரத்தில் கேட்கும். அன்று தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. அதை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. மனுஷனுக்கு ஒரு நாள் பொறுக்காதா என்று பத்துவரை திருப்பினேன். அதற்குப் பிறகும் தட்டினாரா என்பது எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் வாசித்தேன்.

நிறுத்தியபோது அந்த வீட்டில் சாரின் மனைவி இன்பமணி அக்கா அலறுவது கேட்டது. மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சார் சுவரோரம் கீழே கிடந்தார். ஆட்டோ பிடித்து நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பக்கவாதம். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். உயிர் பிழைத்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன.

மூன்றாவது வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மட்டும் இல்லன்னா அன்னைக்கு என்ன ஆயிருக்குமோ தம்பி. கர்த்தர்தான் ஒங்கள அனுப்புனாரு. ஆனாலும் மனசு ஆற மாட்டேங்கு. செவுத்தோரம் கெடந்தாகளே, தட்டியிருப்பாகளோ? ஒங்களுக்கு ஏதும் கேட்டுதா?"

கட்டிலில் சாய்ந்திருந்த சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் கேக்கலக்கா," என்றேன்.

சாரின் உதடு கோணி அசைந்தது. சத்தம் வரவில்லை. அவருக்கு இனிப் பேச வராது என்பதில் அந்த ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. தட்டியது கேட்டும் போகாததைக்கூட யாரிடமாவது என்றைக்காவது சொல்லிவிடுவேன். அந்த நிம்மதியை எந்த முகத்தோடு சொல்வேன்.