அறுநூற்றுப் பன்னிரண்டு முகவரிகள்

அந்தக் கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தவளைப் பெரியவர் சின்னவர் எல்லாருமே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டரம்மாவும் அப்படித்தான். பத்து வருஷமாக அதே நாற்காலி. வருகிறவர் கதவைத் தள்ளி உள்ளே நுழைவதற்குள் அவருடைய கோப்பு அவள் கையில் இருக்கும்.

அன்று காலை பத்தரைக்கு மருந்துக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. போன மாதம் அனுப்பிய சொட்டு மருந்தில் ஏதோ கலந்துவிட்டதாம். ஒருவரும் கண்ணில் விடக்கூடாதாம். டாக்டரம்மா அறுவை அறைக்குப் போய்க்கொண்டிருந்தவர், வாசலிலேயே நின்று கேட்டார். முகம் சுண்டிப்போயிற்று.

"அக்கா, எல்லாருக்கும் மெயில் போட்டுடுங்க. மருந்தை உடனே நிறுத்தணும், பாட்டிலோட இங்க வரணும்னு சொல்லுங்க."

அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்து, பட்டியலில் மேலிருந்து நூறு நூறு பேராக அனுப்பினாள். ஐந்து முறை மளமளவென்று போயிற்று. ஆறாவது முறை திரையில் சிவப்பு எழுத்து வந்தது: இன்றைக்கு அனுப்பக்கூடிய அளவு முடிந்துவிட்டது, இருபத்துநான்கு மணி நேரம் கழித்து முயலவும்.

மறுபடி அமுக்கினாள். அதே பதில். டாக்டரம்மாவின் சொந்த மெயிலில் போட்டுப் பார்த்தாள். என்றைக்கோ ஒரு கடிதம் எழுதுகிற கணக்கிலிருந்து ஒரேயடியாக நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போனால் சும்மா விடுவார்களா? அதையும் பூட்டிவிட்டார்கள்.

இதற்குள் மேசைப் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. மெயில் கிடைத்தவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணாடி மாற்ற மட்டும் வந்தவர்கூட, "என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று பதறினார். "உங்களுக்கு நாங்க மருந்தே கொடுக்கலையே ஐயா" என்று சமாதானம் சொல்லிவிட்டு வைத்தபோதுதான் அக்காவுக்குச் சுரீரென்றது.

பட்டியல், பதிவு செய்த வரிசையில் இருந்தது. பழைய ஆட்கள் மேலே, புது ஆட்கள் கீழே. போன மாதம் மருந்து வாங்கியவர்கள் எல்லாரும் அந்தக் கடைசி நூற்றுப் பன்னிரண்டுக்குள் இருந்தார்கள். சொல்ல வேண்டாத ஐந்நூறு பேரைக் கலவரப்படுத்திவிட்டு, சொல்ல வேண்டியவரில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"எல்லாருக்கும்னா நல்லதுதானேன்னு நினைச்சேன்" என்றாள், பக்கத்து அறையில் கண்ணாடி பொருத்துகிறவரிடம். "யாருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிக்கலை, பாருங்க."

"இப்ப யோசிச்சாச்சுல்ல? அந்தப் போனை நான் பார்த்துக்கறேன். நீங்க ஆக வேண்டியதைப் பாருங்க" என்று அவர் வந்து மேசையில் உட்கார்ந்தார்.

அறுவை செய்துகொண்டவர்களுக்குத்தான் அந்தச் சொட்டு மருந்தைக் கொடுப்பார்கள். அக்கா அறுவைப் பதிவேட்டைப் புரட்டினாள். அந்த மருந்து வாங்கியவர்கள் முப்பத்தோரு பேர். தன் கைப்பேசியிலிருந்தே ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். மெயிலில் மூன்று வரியில் முடிந்த சேதி, பேசும்போது அப்படி முடியவில்லை. ஒருவர் கோபித்துக்கொண்டார். ஒரு அம்மாள் அழுதேவிட்டாள். இன்னொருவரோ பாட்டிலையே இன்னும் திறக்கவில்லை என்று வெட்கப்பட்டார். தொண்டை கட்டிப்போகும்வரை பேசி, முப்பது பேரைப் பிடித்துவிட்டாள்.

கிடைக்காதவர் தையற்காரர் ஒருவர்தான். நான்கு தடவை அடித்தும் எடுக்கவில்லை. கடை மூன்று தெரு தள்ளி என்பது கோப்பில் இருந்தது. வேகாத வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அவர் ஒரு கண்ணில் கட்டோடு துணி வெட்டிக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு மிஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. போன் அடித்தது யாருக்குக் கேட்கும்?

"அந்தச் சொட்டு மருந்தை விட்டீங்களா?"

"காலைலகூட விட்டேனே. மூணு நாளா ஒரே எரிச்சல். மருந்துன்னா எரியத்தான் செய்யும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்."

அக்கா பாட்டிலை வாங்கிப் பைக்குள் போட்டாள். "கத்தரிக்கோலை வைங்கண்ணே. இப்பவே கிளம்பணும்."

டாக்டரம்மா கண்ணைக் கழுவி, வேறு மருந்து போட்டு, தினமும் வரச் சொன்னார். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டதால் தப்பித்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பார்வைக்கே உலை வைத்திருக்கும் என்றார். ஒன்பதாம் நாள் தையற்காரர், சுவரில் இருந்த கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தார்.

கம்பெனி போன் வந்ததற்கு மறுநாளே, மெயில் மறுபடி போக ஆரம்பித்ததும், பயந்துபோன ஐந்நூறு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள் அக்கா. டாக்டரம்மா வந்து நின்றார்.

"ஒரே நாள்ல எத்தனை ஆயிரம் வேணும்னாலும் அனுப்பலாமாம், அப்படி ஒரு சேவை இருக்காம். வாங்கிடலாமா அக்கா?"

"வாங்குங்க டாக்டர். அதுக்கு முன்னாடி, யாருக்கு எந்த மருந்து கொடுத்தோம்னு பட்டியல்ல ஒவ்வொரு பேருக்கு நேராவும் ஒரு கட்டம் சேர்த்துடறேன்."

அந்த வாரம் முழுக்க அவள் மதியச் சாப்பாட்டை மேசையிலேயே முடித்துக்கொண்டு, அறுநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.