நட்சத்திர மண்டலத்துக்குக் கல்யாணம்

பெண் பார்க்க வரும் நேரத்தில் வீட்டில் ‘மோதல்’ என்ற சொல்லே கேட்கக்கூடாது என்பது இசக்கியம்மாளின் கண்டிப்பு. என்ன செய்ய, மகள் பொன்செல்வியின் ஆராய்ச்சியே மோதல்தான். இரண்டு நட்சத்திர மண்டலங்கள் மோதும்போது சிதறுகிற ஹைட்ரஜன் வாயுவை, அதிலிருந்து வரும் ரேடியோ அலையை வைத்து அளக்கிறாள். அலைந்து திரிந்து கேட்டதில், புனே பக்கத்துத் தொலைநோக்கியில் அடுத்த மாதம் ஒரு நாள் அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பூ வைக்கும்வரை அதைப் பற்றியும் மூச்சு விடக்கூடாதாம்.

வள்ளியூர்க்காரர்கள் முக்கூடலுக்கு வந்து, கேசரி தின்று கை கழுவினார்கள். மாப்பிள்ளையின் தாய் செண்பகவல்லி கேட்டாள், “பிள்ள என்னத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதா?”

இசக்கியம்மாள் முந்திக்கொண்டாள். “ரெண்டு நட்சத்திரக் கூட்டத்துக்குக் கல்யாணம் நடக்குல்லா, அதப் பத்தி மதினி.”

“கல்யாணம் ஆன பெறவு?”

“சின்னதுல இருக்க வாயுவை எல்லாம் பெரிசு இழுத்துக்கிடும். கடைசில சின்னது அதுக்குள்ளயே அடங்கிப் போவும்” என்றாள் பொன்செல்வி. உண்மையைச் சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்று அவளுக்கு நினைப்பு.

செண்பகவல்லிக்கு வாயெல்லாம் பல். “பாத்தியளா, வானத்துலயும் நம்ம மொறதான். படிச்ச பிள்ளன்னா இப்படில்லா இருக்கணும். பூ வச்சிருவோம்.”

பொன்செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்போது வாயை மூடினால் புனே போச்சு.

“அத்தை, அது கல்யாணமில்ல, மோதல். சின்னது இழுக்குத இழுப்புல பெரிசும் வால் வாலா கிழியும். அத அளக்க அடுத்த மாசம் புனே போகணும். கல்யாணத்துக்குப் பெறவும் போவேன்.”

மாப்பிள்ளை பெருமாள்ராஜ் அப்போதுதான் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். “அந்த மோதல் முடிய எத்தன நாளாவும்?”

“நூறு கோடி வருசம் ஆவும்.”

“அப்ப என்ன அவசரம்? பிள்ள குட்டின்னு ஆன பெறவு பைய பாத்துக்கிடலாம். அது எங்கன ஓடிரப் போவுது?”

பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

“அது ஓடாது. எனக்குக் குடுத்த நேரம் ஓடிரும்.”

செண்பகவல்லி பூவை மறுபடி பையில் வைத்தாள். “ஊருக்குப் போயி தாக்கல் சொல்லி விடுதோம்.” அப்படிச் சொல்லிப்போன சேதி எந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்ததில்லை.

கார் போனதும் இசக்கியம்மாள் அழுது தீர்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

“ஏட்டி, பெரிசும் கிழியும்னியே, நெசமா? இல்ல அவளுக்காகச் சொன்னியா?”

“நெசந்தாம்மா. படம் இருக்கு.”

கல்யாணமான நாளிலிருந்து மாமியார் எதிரே உட்கார்ந்தறியாத இசக்கியம்மாள், கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“எங்கன கிழிஞ்சிருக்கு, காட்டு.”